இடுப்பில் ஏழு முட்டை

டெய்லரம்மாவைக் கண்டால் அந்தத் தெருவே கொஞ்சம் ஒதுங்கித்தான் போகும். சீருடையில் கால் அங்குலம் கூடிவிட்டது என்று சண்டைக்கு வந்த தலைமையாசிரியரை, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூட எடுக்காமல் பேசிப் பேசியே வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தவள். சாக்கடை மூடிக்கு அடியில் பாம்பு புகுந்த அன்று ஆம்பிளைகள் எல்லாம் மாடியில் நின்று யோசனை சொல்லிக்கொண்டிருக்க, துடைப்பக்கட்டையோடு கீழே நின்றதும் அவள்தான். அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு கோழி குறுக்கே ஓடினால் போதும், கை கால் உதறல் எடுத்துவிடும்.

ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. "அந்தக் கண்ணு ஒரு பக்கமாவே பார்க்குதுங்க. எந்தப் பக்கம் பாயும்னு எப்படித் தெரியும்?" என்பாள். சிறகு படபடக்கிற சத்தம் கேட்டாலே வயிற்றைப் புரட்டும். கோழியின் கால் விரல்களைப் பார்த்தால் உள்ளங்கை வியர்த்துவிடும். ஆனால் காலையில் இரண்டு முட்டை ஆம்லெட் சாப்பிட அவளுக்கு எந்தத் தயக்கமும் கிடையாது. முட்டை வேறு, கோழி வேறு என்று ஒரு நியாயம் வைத்திருந்தாள். நம் எல்லோரிடமும் இப்படி ஒன்றிரண்டு நியாயங்கள் இருக்கத்தான் செய்கின்றன.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் ஒரு பறவைப் பைத்தியம். டவுன் பஸ் டிரைவர். பகலெல்லாம் ஹாரன் சத்தத்தில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் நேராகக் கொல்லைப்புறம்தான். அங்கே அவர் ஒரு கலவையான கூட்டத்தை வளர்த்து வைத்திருந்தார். நாட்டுக்கோழிகள், ஒரு சேவல், நாலைந்து வாத்துகள், யாராவது நிழல் தட்டினாலே ஊரைக் கூட்டிவிடுகிற ஒரு ஜோடி கினிக்கோழி, ஒரு வான்கோழிப் பெட்டை, அதற்குக் காவலாக மார்பை நிமிர்த்திக்கொண்டு நடக்கிற வான்கோழிச் சேவல். அந்தச் சேவலுக்கு அவர் வைத்த பெயர் இன்ஸ்பெக்டர்.

புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு எல்லைக்கோடு போட்டாகிவிட்டது. அடுப்படியின் பின்கதவுக்கு அந்தப் பக்கம் அவருடையது, இந்தப் பக்கம் அவளுடையது. துணி உலர்த்துவது மொட்டை மாடியில். அடுப்படி ஜன்னலுக்கு இரட்டை வலை. அவர் உள்ளே வருவதற்கு முன் கை கால் கழுவி, சட்டையை உதறி, அவள் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்ட வேண்டும். எங்காவது ஒரு இறகு ஒட்டியிருந்தால் "போங்க, போங்க, மறுபடி உதறிட்டு வாங்க" என்று விரட்டிவிடுவாள். அவரும் சிரித்துக்கொண்டே போவார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தரம்கூட அந்தக் கதவைத் தாண்டி அவள் காலெடுத்து வைத்ததில்லை.

ஒரு மதியம், ஸ்டாப்பிங்குக்குக் கொஞ்சம் முன்னாலேயே பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். களைப்பு என்று நினைத்துப் பயணிகள் சத்தம் போட்டார்கள். கண்டக்டர் வந்து தோளைத் தொட்டபோது வாய் கோணியிருந்தது. பஸ்ஸில் இருந்த ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அவருக்குத்தான் வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின.

உயிருக்கு ஆபத்து இல்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் டிரைவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் படுத்தவர்தான். கரண்டியைக் கொண்டுபோனால் வாயை இறுக மூடிக்கொண்டார். பயிற்சி கொடுக்க வந்த பெண் கையை எடுத்து மடக்கினால் அது பாட்டுக்கு மடங்கட்டும் என்று கிடந்தார். டாக்டர் டெய்லரம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மருந்து எங்க வேலைம்மா. ஆனா எழுந்திருக்கணும்னு அவருக்கே ஒரு ஆசை வரணும். இப்படியே சாப்பிடாம, அசையாமப் படுத்துட்டா, போன கை திரும்பாது. அப்புறம் ஒவ்வொண்ணாப் போகும்."

அந்த 'ஒவ்வொண்ணாப் போகும்' என்ற பேச்சு அவள் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. பாம்புக்குப் பயப்படாதவள், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

டிரைவரின் தங்கை மூட்டை முடிச்சோடு வந்து இறங்கி, பகலில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நல்லவள்தான், நாக்குதான் நாலு முழம். வந்த அன்றே விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"அண்ணி, நீங்களோ கோழியைக் கண்டா ஓடுறவங்க. இனிமே அதுங்களை யார் பார்க்கிறது? கறிக்கடைக்காரர்கிட்ட சொல்லிடுறேன். கூண்டு வண்டி கொண்டுவந்து மொத்தமா அள்ளிட்டுப் போயிடுவார்."

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அதைக் கேட்டதும் டெய்லரம்மாவுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. பின்கதவைத் திறந்து போட்டுக்கொண்டு காற்று வாங்கலாமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் கட்டிலைப் பார்த்தாள். டிரைவர் சுவரை விட்டுத் திரும்பியிருந்தார். இடது கையைக் குழியாகக் குவித்து ஆட்டிக்கொண்டிருந்தார். தொண்டையிலிருந்து "ஆ... ஆ" என்று மட்டும் வந்தது.

"தண்ணியா? பந்தா? பல்பா?" தங்கை அடுக்கிக்கொண்டே போனாள்.

"முட்டையாங்க?" என்றாள் டெய்லரம்மா.

டிரைவரின் கண்ணில் உயிர் வந்தது. குவித்த கையைப் போர்வைக்கு அடியில் தள்ளித் தள்ளிக் காட்டினார். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் சட்டைப் பித்தான் துளைக்குக் காஜா அடித்துக்கொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்து அவர் அளந்து விட்ட கதைகளை அவள் பாதிக் காதில் வாங்கியிருந்தாள். வாத்து முட்டை பொரிய நாலு வாரம், கோழி முட்டைக்கு மூணு வாரம். இரண்டையும் ஒரே நாளில் அடை வைத்தால் கோழிக்குஞ்சு வந்ததும் தாய் எழுந்து போய்விடும், வாத்து முட்டை நடுத்தெருவில் நிற்கும். அதனால் வாத்து முட்டையை முதலில் வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துக் கோழி முட்டையைச் சேர்ப்பார். "ஏறுறது முன்னப் பின்ன ஏறலாம் டெய்லரம்மா. இறங்குறது எல்லாரும் ஒரே ஸ்டாப்பிங்ல இறங்கணும்" என்பார். வான்கோழிப் பெட்டைக்கு அடியில் வாத்து முட்டை வைத்து அன்றோடு ஒரு வாரம். கோழி முட்டைகள் தவிட்டுக் கூடையில் காத்துக் கிடந்தன.

"வான்கோழிக்கு அடியில வைக்கணும், அவ்வளவுதானே? நான் வெச்சிடுறேங்க" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

அதுவரை அவற்றுக்குத் தீனி போடுவதே பெரும்பாடாக இருந்தது. மொட்டை மாடியில் நின்று தானியத்தை மழையாகப் பொழிவாள். தண்ணீர்த் தொட்டியை மேலிருந்தே ஹோஸ் பைப்பால் நிரப்புவாள். ஆனால் மாடியிலிருந்து முட்டை வைக்க முடியாதே. அன்று சாயங்காலம் பின்கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தாள். கினிக்கோழிகள் இரண்டும் கொலை விழுந்தது போல் கத்தின. தாழ்ப்பாளை விட்டுவிட்டு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவள் காலெடுத்து வைக்கும்போதே டிரைவர் புருவத்தை உயர்த்தினார்.

"வெச்சுட்டேங்க" என்றாள், வாய் கூசாமல்.

அவர் முகத்தின் இடது பாதி சிரித்தது. தங்கை நீட்டிய கரண்டிக்கு வாயைத் திறந்தார். மசித்த சோறு முழுக் கிண்ணமும் உள்ளே போனது. "என்ன மந்திரம் போட்டீங்க அண்ணி?" என்றாள் தங்கை. டெய்லரம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

யாரையாவது கூப்பிட்டு வைக்கச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கூப்பிட்டால் விஷயம் தங்கை காதுக்குப் போகும், அவள் அண்ணன் முன்னாலேயே போட்டு உடைப்பாள், அடுத்து கூண்டு வண்டிதான். தவிர, டிரைவரைத் தவிர வேறு யார் கையை நீட்டினாலும் இன்ஸ்பெக்டர் பாய்ந்துவிடும் என்பது தெரு அறிந்த செய்தி. எரிவாயு சிலிண்டர் கொண்டுவந்த ஆள் ஒரு தடவை பின்வழியாக வந்து செருப்பை விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்.

அன்றும் மறுநாளும் அவளால் முடியவில்லை. மூன்றாம் நாள் கதவைத் திறந்து ஒரு காலை வைத்தாள், வாத்து ஒன்று சும்மா திரும்பிப் பார்த்தது, அத்தோடு சரி. நாலாவது நாள் காலையில் அவளுக்கே தன்மேல் வெறுப்பு வந்துவிட்டது. அவர் அங்கே பொய்யைத் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டிருக்கிறார். அந்தப் பொய்யை உண்மையாக்காமல் விட்டால் நான் மனுஷியா என்று கேட்டுக்கொண்டாள்.

அவருடைய மழைக்கோட்டை மாட்டிக்கொண்டாள். மழை பூட்ஸ், பரணில் கிடந்த பழைய ஹெல்மெட், கேடயத்துக்கு ஒரு குடை. துணி அளக்கிற கட்டையின் நுனியில் குழம்புக் கரண்டியை வைத்து இறுக்கிக் கட்டினாள். எந்த முட்டை யாருடையது என்று பின்னால் தெரிய வேண்டும் என்பதற்காக, கோழி முட்டை எட்டிலும் தையல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். பிறகு கதவைத் திறந்தாள்.

கினிக்கோழிகள் கத்திய கத்தலில் ஹெல்மெட் அதிர்ந்தது. இன்ஸ்பெக்டர் உடம்பை இரண்டு மடங்காக ஊதிக்கொண்டு, சிறகைத் தரையில் உரசியபடி வந்து, குடையில் பொத்தென்று மோதியது. அவள் கண்ணை மூடிக்கொண்டே நகர்ந்தாள். கொட்டகை மூலையில், வைக்கோல் போட்ட பழைய பஸ் டயருக்குள் வான்கோழிப் பெட்டை உட்கார்ந்திருந்தது. கரண்டியில் முதல் முட்டையை வைத்து நீட்டினாள். கை நடுங்கிய நடுக்கத்தில் அது டயர் விளிம்பில் பட்டு உடைந்து வழிந்தது. இரண்டாவது முட்டை வைக்கோலில் உருண்டு நின்றது. பெட்டை அதை ஒரு பக்கமாகப் பார்த்தது. பிறகு அலகின் அடிப்பக்கத்தால் மெதுவாக இழுத்து, தன் மார்புக்கு அடியில் செருகிக்கொண்டது.

டெய்லரம்மா அசந்து போனாள். அவள் அதுவரை ஒரு பறவை எதையும் மெதுவாகச் செய்து பார்த்ததில்லை. மீதி ஆறையும் அதுவே வாங்கிக்கொண்டது. உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் அடுப்படித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மழைக்கோட்டுக்குள் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் எல்லாம் ஏறுமுகம்தான். டிரைவர் ரப்பர் பந்தை வலது கையில் வைத்து அழுத்தப் பார்த்தார். விரல் நுனி அசைந்தது. பயிற்சிப் பெண் கைதட்டினாள். ஒவ்வொரு நாளும் டெய்லரம்மா உள்ளே வந்ததும் இடது கை விரல்களால் இன்னும் எத்தனை நாள் என்று கணக்குக் காட்டுவார். அவர் கணக்கு தப்பாது. அதுதான் அவளைத் தின்றது. நாலு நாள் தாமதமாக வைத்த கோழி முட்டை நாலு நாள் தாமதமாகத்தான் பொரியும். வாத்துக்குஞ்சு வந்ததும் தாய் எழுந்து போய்விடும். எல்லாரும் இறங்கிய பிறகு ஏழு பேர் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அது தெரிந்தால் இந்த மனுஷன் என்ன ஆவார்? கோழிக்குஞ்சு போனால் போகட்டும். நீ சொன்னதெல்லாம் பொய்யா என்று கேட்கவும் வாயில்லாமல் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். டாக்டர் சொன்ன அந்த 'ஒவ்வொண்ணாப் போகும்' என்ன என்று அவளுக்குத் தெரியும். தைத்த காலரையே மறுபடி பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

வாத்துக்குஞ்சுகள் சொன்ன நாளில் வந்தன. மாடியிலிருந்தே பார்த்தாள், டயருக்குள் மஞ்சளாக ஏதோ நெளிந்தது. ஓடிப்போய்ச் சொன்னதும் டிரைவர் படுக்கையை இடது கையால் தட்டிச் சந்தோஷப்பட்டார். பிறகு விரல்களைக் கோழி கொத்துவது போலச் செய்து காட்டி, புருவத்தை உயர்த்தினார்.

"அதுவும் வந்துக்கிட்டே இருக்குங்க" என்றாள்.

மறுநாள் காலை மாடியில் நின்று பார்த்தாள். வான்கோழிப் பெட்டை எழுந்து, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போயிருந்தது. டயர் அநாதையாகக் கிடந்தது. சாக்பீஸ் கோடு போட்ட ஏழும் பனிக்காற்றில் கிடந்தன.

மழைக்கோட்டு, ஹெல்மெட் எதையும் அவள் தேடவில்லை. குடை மட்டும் கையில் அகப்பட்டது. கொல்லைக்குள் ஓடி, ஏழு முட்டையையும் மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். இன்ஸ்பெக்டர் பின்னால் பாய்ந்து கதவில் மோதியது. முட்டைகளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சில்லென்று இல்லை, ஆனால் சூடும் இல்லை. தையல் அறைக் கதவைச் சாத்தி, ஒவ்வொன்றையும் டார்ச்சுக்கு மேல் பிடித்தாள். உள்ளே இருட்டாக ஏதோ அடைத்திருந்தது. மேலே காற்று இருக்கிற வெளிச்ச ஓரத்தில் ஒரு நிழல் திடுக்கென்று முட்டிவிட்டு ஒளிந்துகொண்டது. அவள் வீலென்று கத்தினாள். கத்தினாலும் முட்டையைக் கீழே விடவில்லை.

உயிர் இருக்கிறது. இப்போது சூடு வேண்டும். வேறு எந்தக் கோழியும் அடைக்கு உட்காரவில்லை. மெஷின் விளக்கு புது மாதிரி, வெளிச்சம் தரும், சூடு தராது. இஸ்திரிப் பெட்டியோ அவித்தே விடும். ஒரே அளவில், அணையாமல், நாள் முழுக்க இருக்கிற சூடு இந்த வீட்டில் எங்கே இருக்கிறது? ஊர் உடம்பையெல்லாம் அளந்தவளுக்குத் தன் உடம்பு ஞாபகத்துக்கு வர ஒரு நிமிஷம் பிடித்தது.

அந்த நினைப்பு வந்ததுமே உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் கை பாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டது. மெத்தென்ற பழைய பனியன் துணியை எடுத்து, இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற மாதிரி ஒரு பட்டை வெட்டினாள். உள்பக்கம் ஏழு பை, வெளிப்பக்கம் இடி தாங்கப் பஞ்சு. பையின் வாயை இறுக மூடாமல் காற்றுப் போக வழி விட்டாள். ஓடு உலர்ந்து கெட்டியாகிவிடும் என்று எப்போதோ அவர் சொன்னது நினைவு வந்து, துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்துகொண்டாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு அவசரமாகவும் அவ்வளவு கச்சிதமாகவும் எதையும் தைத்ததில்லை. கட்டிக்கொண்டு, மேலே தொளதொளவென்று ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டாள். வயிற்றில் ஏழு இடத்தில் கனத்தது.

அன்றிலிருந்து அவள் குனியவில்லை, சாயவில்லை, பலமாகத் தும்மவும் இல்லை. இரவில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாள். பஸ்ஸில் யாராவது முழங்கையை நீட்டினால் போதும், பெண் சிங்கமாகச் சீறினாள். "என்னம்மா, கண்ணாடிச் சாமானா?" என்று ஒருவர் கிண்டல் செய்தார். "ஆமா, உடைஞ்சா நீங்கதான் அடை காக்கணும்" என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சமயத்தில் உள்ளே ஏதோ ஒன்று உருளும். அப்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, இது வெறும் முட்டை, இது வெறும் முட்டை என்று சொல்லிக்கொள்வாள். முட்டை வேறு கோழி வேறு என்ற பழைய நியாயத்தை அப்படிப் பிடித்துக்கொண்டு தொங்கினாள்.

மூன்றாம் நாள், வார்டுக்குள் நுழையும்போதே தங்கை அவளை மேலும் கீழும் பார்த்தாள். பக்கத்தில் வந்து, சட்டைக்கு மேலாகத் தொடப் போனாள். டெய்லரம்மா விருட்டென்று விலகினாள்.

"அண்ணி, நானும் ரெண்டு நாளாப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். வயித்துல என்ன கட்டி? எத்தனை நாளா இருக்கு? ஏன் மறைக்கிறீங்க?" அவள் குரல் தழதழத்தது. தாழ்ந்த குரலில் பேசுவதாக அவள் நினைத்துக்கொண்டது வார்டு முழுக்கக் கேட்டது. "ரெண்டு பேரும் இப்படிப் படுத்துட்டா நான் என்ன பண்ணுவேன்? இருங்க, டாக்டரைக் கூட்டிட்டு வரேன்."

தடுப்பதற்குள் போய்விட்டாள்.

டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் அவள் வயிற்றை விட்டு நகரவில்லை. முகத்தில் இருந்த பாதி உயிரும் வடிந்துவிட்டது. கையிலிருந்த ரப்பர் பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. அத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் பயந்து அவள் பார்த்ததே இல்லை. இன்று பயந்துகொண்டிருந்தார், அதுவும் அவளுக்காக.

"ஐயோ, கட்டி இல்லைங்க" என்று அவள் கட்டில் ஓரம் போனாள். "சத்தியமாக் கட்டி இல்லை. பொய்தாங்க. நான் சொன்னது பொய். நீங்க கேட்ட அன்னிக்கு நான் வைக்கவே இல்லை. எனக்குப் பயமா இருந்துச்சு. நாலு நாள் கழிச்சுத்தான் வெச்சேன். வாத்து எல்லாம் வந்ததும் அது எழுந்து போயிடுச்சு. இதுங்க ஏழும் நின்னு போச்சு. அதான்... அதான் நான் கட்டிக்கிட்டேன்."

அவர் எதையும் காட்டவில்லை. கோபமா, வருத்தமா என்று அந்தப் பாதி முகத்தில் அவளால் படிக்க முடியவில்லை. தலை மெல்ல, சுவர் இருக்கிற பக்கமாக நகர்ந்த மாதிரி இருந்தது.

அப்போது அவள் வயிற்றில் எதுவோ 'கீச்' என்றது.

தலை நகர்வது நின்றது. மறுபடியும் கீச். இன்னொரு பையிலிருந்து பதிலுக்கு ஒரு கீச். தொப்புளுக்குப் பக்கத்தில் டக், டக் என்று தட்டுகிற மாதிரி இருந்தது. பிறகு ஓடு பிளந்து, ஈரமாக, சூடாக, நகத்தோடு ஏதோ ஒன்று அவள் தோலின் மேல் ஊர்ந்தது. அவள் தன்னை மறந்து அலறினாள். இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே குதித்தாள்.

டிரைவர் எழுந்துவிட்டார். எழ முடியாது என்பது அந்த அலறலில் அவருக்கு மறந்து போயிருந்தது. இடது கால் தரையில் ஊன்றியது, வலது கால் வரவில்லை, உடம்பு மொத்தமும் கட்டிலிலிருந்து முன்னால் சரிந்தது. டெய்லரம்மா கண்ணால் பார்த்தாள். யோசிக்க நேரமில்லை. பாய்ந்து அவரை மார்போடு சேர்த்துப் பிடித்தாள். அவருடைய முழுப் பாரமும் அவள் மேல் விழுந்தது. இரண்டு பேருக்கும் நடுவே ஏதோ நொறுங்கியது.

அவரைத் தூக்கித் தலையணையில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தாள். சட்டையின் முன்பக்கம் ஈரமாகியிருந்தது. உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் முன்னால் அது அசைகிறதே என்று அலறியவள், இப்போது அசையாமல் இருக்கிறதே என்று தவித்தாள். டிரைவரும் அவள் வயிற்றையே பார்த்தார். "ஆ... ஆ" என்று இடது கையால் அவசரப்படுத்தினார். உள்ளே பார், சீக்கிரம் பார் என்றது அந்தக் கை.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, சட்டைக்குள் கையை விட்டாள். முதல் பையில் ஓட்டுச் சில்லும் கொழகொழப்பும்தான் இருந்தன. அசைவில்லை. விரலை அடுத்த பைக்கு நகர்த்தினாள். ஈரமான மயிர், அதற்கடியில் சின்னதாக எலும்பு. அதுவும் சும்மா இருந்தது. விரல் நுனியால் மெல்லத் தடவினாள். இன்னொரு முறை தடவினாள்.

சுருக்கென்று ஒரு கொத்து விழுந்தது.

"கொத்துதுங்க" என்றாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "என்னைக் கொத்துதுங்க."

டிரைவர் தன் போர்வையின் நுனியை இடது கையால் இழுத்தார். அது வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்து, அவள் வயிற்றைச் சுற்றிப் போட்டு மூடினார். ஈரத்தில் காற்றுப் படக்கூடாது என்று அதட்டுகிற மாதிரி புருவத்தை நெரித்தார். அதட்டிய பிறகும் கையை அங்கேயே வைத்துக்கொண்டார். போர்வைக்குள் ஒரு குரல் கீச்சென்றது, கொஞ்சம் பொறுத்து இரண்டாவது.

தங்கை டாக்டரை இழுத்துக்கொண்டு வந்தாள். அலறல் கேட்டு நர்ஸும் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "என்ன ஆச்சு? எங்க வலிக்குது?"

டெய்லரம்மா உள்ளே விட்ட கையை வெளியே எடுக்கவில்லை.

"ஒண்ணும் இல்லை சிஸ்டர். கொஞ்சம் சத்தம் போடாம இருங்க, பொரியுது."